வருடம் எழுதாத ரவைப்பெட்டி

“303. கழுத்து மட்டும். ஒக். 19, ஞாயிறு.”

நீல பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் மூடியில் ஒட்டிய பெயின்டர் டேப்பில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. எழுத்து என் மச்சானுடையது. மனைவியின் தம்பி அவன். பெட்டிக்குள் இருபது துப்பாக்கி ரவைகள் மூக்கு கீழே, அடி மேலே என்று நிற்கின்றன. இந்த வசந்தத்தில் பேஸ்மென்ட் அலுமாரியை ஒழிக்கும்போது, பழைய துணிகளுக்குப் பின்னால் இதைக் கண்டெடுத்தேன். கண்டவுடன் வந்தது எரிச்சல். வருடம் இல்லை.

நாங்கள் ரவை செய்கிற வேலைமேசைக்கு மேலே நான் எழுதி ஒட்டிய விதிகளில் முதலாவது, திகதி முழுமையாக எழுதப்பட வேண்டும் என்பது. இரண்டாவது, சீட்டு முழுமையாக இல்லாத பெட்டியைச் சுடக்கூடாது, கழற்றிவிட வேண்டும் என்பது. உள்ளே என்ன வெடிமருந்து, எவ்வளவு என்று தெரியாத ரவையைத் துப்பாக்கியில் போடுகிறவன் தன் முகத்தைப் பந்தயம் வைக்கிறான். மச்சானுக்கு இது தெரியும். ஆனாலும் அவன் பெட்டிகளில் வருடம் இருந்ததில்லை.

“அத்தான், நாங்கள் செய்யிறதை நாங்கள் தானே சுடப்போறம். இந்த நவம்பரிலை முடிஞ்சிடும். பிறகேன் வருசம்?” என்பான்.

“முடியாட்டி?”

“முடியாட்டி நான் குறி தவறாமல் சுட்டிருக்கிறன் எண்டு அர்த்தம்.”

ரொறன்ரோவில் நாங்கள் இருந்த மில்லிக்கன் வீட்டை விற்றுவிட்டு டோர்செட் பார்க் பக்கம் ஒரு அபார்ட்மென்டுக்குப் போவது என்று நானும் மனைவியும் முடிவெடுத்திருந்தோம். பிள்ளைகள் போய்விட்டார்கள். படிகள் கூடிவிட்டன என்று அவளுடைய முழங்கால் சொன்னது. புதிய இடத்தில் பேஸ்மென்ட் கிடையாது. துப்பாக்கிகளுக்கு ஒரு இரும்பு அலுமாரி, ரவை செய்கிற சாமான்களுக்கு ஒரு பெட்டி, அதற்கு மேல் ஒன்றும் வரக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். நியாயமான பேச்சு. என்னிடம் அப்போது ஆறு துப்பாக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வேறு ரவை, ரவைக்கு வேறு பித்தளைக் கோது, பாய்ந்துபோகிற சன்னம் வேறு, ரவை செய்கிற பிரெஸ்ஸில் பூட்டுகிற அச்சும் வேறு. ஆறு மொழிகளுக்கு ஆறு அகராதி வைத்திருப்பது போல.

திட்டம் எளிது. மான் வேட்டைக்கு ஒரு 308, வாத்துக்கு ஒரு ஷொட்கன். மற்றவை போகட்டும். 308க்குக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். நான் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த பிரைமர்களும் மருந்தும் அதற்கே பொருந்தும். பிரைமர் என்பது கோதின் அடியில் பதிக்கிற சிறு மூடி. ஊசி தட்டினால் முதலில் தீப்பிடிப்பது அதுதான். அது இல்லாமல் மற்றதெல்லாம் வெறும் உலோகமும் தூளும்.

அந்தச் சேகரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரோனாக் காலத்தில் பிரைமர் கடைகளில் இருந்து காணாமல் போனது. வெறும் தட்டுகளைப் பார்த்ததும் எனக்குள் பழைய ஒன்று விழித்துக்கொண்டது. பொருளாதாரத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு வெறும் தட்டு என்பது செய்தி அல்ல, உத்தரவு. சவர்க்காரம், பற்றரி, மண்ணெண்ணெய் என்று எங்கு எது வந்ததாகக் கேள்விப்பட்டாலும் சைக்கிளை எடுத்த ஆட்கள் நாங்கள். அதேபோல இங்கும் ஒரு கடையில் பிரைமர் வந்திருக்கிறது என்றால் காரை எடுத்தேன். ஒருவருக்கு ஒரு பெட்டிதான் என்றால் அடுத்த கிழமையும் போனேன்.

“உதென்ன, இன்னொரு தடையோ வரப்போகுது?” என்று மனைவி கேட்டாள்.

“வந்தால்?”

“வந்தால் உதைச் சமைக்கேலுமோ?”

நான் எப்போதும் இரண்டு பேருக்குக் கணக்குப் பார்த்துத்தான் வாங்கினேன். மச்சான் எட்மன்டனுக்குப் போய் அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. அங்கே வீடு மலிவு. ட்ரக் ஓடுகிறவனுக்கு மேற்கில் வேலையும் கூட. போகும்போது தன்னுடைய 303ஐ எடுத்துச் செல்லவில்லை. முறைப்படி என் பெயருக்கு மாற்றிவிட்டுப் போனான்.

“நவம்பருக்கு வருவன் தானே அத்தான். அங்கை கொண்டுபோய்த் திருப்பி இஞ்சை கொண்டுவந்து, ஏன் உந்த அலைச்சல்?”

முதல் வருடம் வந்தான். இரண்டாவது வருடமும் வந்தான். பிறகு ஒரு நவம்பரில் பனி, ஒரு நவம்பரில் மகளுக்குச் சுகமில்லை, பிறகு விமானங்கள் நின்றன. அதற்குப் பிறகு காரணம் கேட்பதை நான் விட்டுவிட்டேன். அவன் மட்டும் ஒவ்வொரு செப்டம்பரிலும் “வாறன் அத்தான், பிரைமர் கிடக்கோ?” என்று கேட்பான். கிடக்கு என்பேன். கிடந்தது.

303 எங்கள் வீட்டுக்குள் வந்த கதை எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே நடக்கக்கூடியது. இருவரும் பயிற்சி முடித்து, லைசென்ஸ் எடுத்து, முதல் தடவையாகத் துப்பாக்கிக் கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரர் எதற்கு வேண்டும், எவ்வளவு தூரத்துக்கு, தோளில் எவ்வளவு உதை தாங்குவீர்கள் என்றெல்லாம் கேட்டார். எங்களுக்கு அந்தக் கேள்விகளுக்கு விடை தெரியவில்லை. ஆனால் சுவரில் இருந்தவற்றில் ஒன்றின் பெயர் மட்டும் தெரியும். சின்ன வயதில் சந்தியில் நின்ற பொலிஸ்காரரின் தோளில் தொங்கியது. ஊரில் எல்லோரும் ‘திரீ நோட் திரீ’ என்றுதான் சொல்வார்கள். மச்சான் அதைக் கை நீட்டிக் காட்டினான். நல்ல தெரிவு, இந்த நாட்டில் எத்தனையோ மான்கள் அதனால்தான் விழுந்தன என்று கடைக்காரர் பாராட்டினார். நாங்கள் அறிவாளிகள் போலத் தலையாட்டினோம்.

வாகனத்தில் ஏறியதும் மச்சான் சொன்னான்: “அத்தான், உதைக் கண்டு ஓடினதுக்குத்தானே எங்களுக்கு இஞ்சை விசா தந்தவங்கள். இப்ப காசு குடுத்து வாங்கிக்கொண்டு போறம்.”

மனைவி அதை முன்வாசலால் கொண்டுவர விடவில்லை. சாமி அறையைத் தாண்டித்தான் பேஸ்மென்ட் படி. ஆகவே துப்பாக்கிகள் எல்லாம் பக்கக் கதவால் வந்து பக்கக் கதவால் போயின. வேட்டை முடிந்து வந்தால் நாங்களும் அப்படித்தான். குளித்த பிறகே மேலே. ஆனால் ஆயுத பூசைக்கு மருந்து நிறுக்கிற தராசை அவளே மேலே கொண்டுபோய்ச் சந்தனப் பொட்டு வைத்தாள். பிரெஸ்ஸுக்கும் ஒரு பொட்டு. துப்பாக்கி மட்டும் கீழேயே இருந்தது. “அது இன்னும் படிச்சு முடிக்கேல்லை” என்றான் அவளுடைய தம்பி.

நாங்கள் ரவை செய்யத் தொடங்கியதும் இந்தத் துப்பாக்கியால்தான். கடையில் 303 ரவை விலை ஏறி, பிறகு அருமையாகிவிட்டது. சுட்ட கோதுகளைப் பொறுக்கி வந்து மீண்டும் நிரப்பினால் என்ன என்று நான் புத்தகங்கள் வாங்கிப் படித்தேன். பழைய இராணுவத் துப்பாக்கிகளின் வெடியறை கொஞ்சம் விசாலமானது. சுட்டவுடன் பித்தளைக் கோது அந்த அறையின் வடிவத்துக்கே உப்பிவிடும். அதை முழுவதும் நசுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். அல்லது சன்னத்தைப் பிடிக்கிற கழுத்தை மட்டும் இறுக்கிவிட்டு உடம்பை அப்படியே விடலாம். இரண்டாவது முறையில் கோது நீண்ட காலம் உழைக்கும், குறியும் நன்றாக இருக்கும். குறை ஒன்றுதான். அந்த ரவை அந்த ஒரு துப்பாக்கிக்கே பொருந்தும். அதே வகையில் இன்னொரு 303ஐக் கொண்டுவந்தாலும் வெடியறையின் பூட்டு மூடாமல் முரண்டு பிடிக்கலாம். ‘கழுத்து மட்டும்’ என்று மச்சான் எழுதியது இதைத்தான்.

ஒக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமைகள் இந்த வேலைக்கு என்று ஆகின. மச்சான் அப்போது மோர்னிங்சைட் பக்கம் குடியிருந்தான். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வருவான், பிந்தித்தான் வருவான். அவன் மருந்து நிறுப்பான், நான் சன்னம் பூட்டுவேன். வேலைமேசையில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மருந்து டப்பாவின் மூடி திறந்திருக்கும்வரை ஒருவரும் கதைக்கக்கூடாது. ஒரு கோதுக்கு இரண்டு தடவை மருந்து விழுந்தால் அல்லது விழாமலே போனால் அது பேச்சினால்தான் நடக்கும் என்று நான் படித்திருந்தேன். மச்சானைப் போல வாய் ஓயாதவனுக்கு அது பெரிய தண்டனை. கோதுகள் அடுக்கிய ஒரு தட்டு முடிந்து மூடியைத் திருகியதும் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டும். யார் யாருடைய கலியாணம் குழம்பியது, எந்தத் தமிழ்க்கடையில் மீன் பழசு, தன் முதலாளி எப்படி நடக்கிறான் என்று நடந்துகூடக் காட்டுவான். சில சமயம் பாதித் தட்டிலேயே மூடியைத் திருகிவிடுவான்.

“என்னடா?”

“ஒண்டுமில்லை. ஒரு விசயம் சொல்ல வேணும். சொல்லாட்டி கை நடுங்குது.”

நான் பெட்டிகளில் திகதி, மருந்து, எடை, சன்னம் எல்லாம் எழுதுவதைப் பார்த்து, “அத்தான் மானின்ரை பிறந்தநாளையும் எழுதிவைப்பார்” என்று அக்காவிடம் மேலே போய்ச் சொல்வான். அந்தப் படிகளில் அவன் ஏறுகிற சத்தம், மேலே இருவரும் சிரிக்கிற சத்தம், கீழே நான் பிரெஸ்ஸின் கைபிடியை இழுக்கிற சத்தம். வீடு வாங்கியவர்கள் பார்க்க வந்த நாளில் வெறுமையான பேஸ்மென்டில் நின்று அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் அங்கே ஒரு வாடகை அறை கட்டலாமா என்று அளந்துகொண்டிருந்தார்கள்.

நவம்பரில் ஹலிபர்ட்டன் பக்கம் ஒரு விவசாயியின் காணிக்குப் போவோம். முதல் வருடம் புட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு போனதில், காணிக்காரர் கொட்டகைக் கதவைத் திறந்து மூக்கைச் சுருக்கினார். இந்த வாசனைக்கு மான் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும் என்றார். “மான் வராட்டி என்ன, ரெண்டு தமிழாக்கள் எண்டாலும் வருவினம்” என்றான் மச்சான் என்னிடம். அடுத்த வருடம் முதல் பாணும் முட்டையும். அவன் கவிழ்த்த வாளியில் பைன் மரத்துக்குச் சாய்ந்து இருப்பான். நான் சரிவுக்கு மறுபுறம். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. ஆனால் அவன் ஆரஞ்சுத் தொப்பி எந்த மரத்தடியில் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் தெரியும். பல வருடங்களில் ஒன்றும் விழவில்லை. விழுந்த வருடங்களில் மனைவி மிளகு தூக்கலாகப் பிரட்டி வைப்பாள். வீட்டுக்கு வந்தவர்களிடம் ஆட்டிறைச்சி என்பாள்.

அந்தக் காணிக்கு நான் தனியாக ஒரு தடவை போனேன். சரிவுக்கு மறுபுறம் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு இருப்பது வேறு விதமான இருப்பு. மதியத்துக்கு முன்பே திரும்பிவிட்டேன்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். துப்பாக்கிகளில் மூன்று உரிய லைசென்ஸ் உள்ளவர்களுக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் வாங்குபவரின் லைசென்ஸைச் சரிபார்த்து, அனுமதி எண் பெற்று, இரசீது வைத்திருக்கிறேன். நாலாவதாக 303. பீற்றர்பரோவுக்கு அப்பால் இருக்கிற ஓய்வுபெற்ற மின்சாரத் தொழிலாளி ஒருவர் அதைப் பார்க்க வந்தார். பக்கக் கதவால்தான். பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு, இதில் சுட்ட கோதுகள் இருக்கின்றனவா, இருந்தால் அவற்றுக்கும் சேர்த்துத் தருகிறேன் என்றார். விஷயம் தெரிந்தவர். நான் கோதுகளை எடுக்க அலுமாரியை ஒழித்தபோதுதான் நீலப்பெட்டி வெளியே வந்தது.

ஒரு கிழமை அவகாசம் கேட்டு அவரை அனுப்பிவைத்தேன்.

ஒக்டோபர் 19 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டுகள் அதிகமில்லை. 2008இல் வந்தது. அப்போது எங்களிடம் பிரெஸ்ஸே இல்லை. அடுத்தது 2014. அதற்கடுத்தது 2025. 2014ஆம் ஆண்டு அந்தத் திகதியில் என் நாட்குறிப்பு, “பேஸ்மென்ட், 303. மச்சான் பிந்தி வந்தான்” என்று மட்டும் சொல்கிறது. எத்தனை பெட்டி என்று நான் எழுதவில்லை. 2025 ஒக்டோபரில் மச்சான் ரொறன்ரோவில் இருந்தான். உறவுக்குள் ஒரு கலியாணம். சனிக்கிழமை மண்டபம், திங்கட்கிழமை தீபாவளி. இடையில் வந்த ஞாயிறு பின்னேரம் நான் லண்டனிலிருந்து வந்தவர்களை பியர்சன் விமான நிலையத்தில் விட்டுவரப் போனேன். மனைவி ஸ்டீல்ஸ் வீதிக் கடைகளில். மச்சான் வீட்டில் தனிய. அன்றைய குறிப்பின் கடைசி வரி: “திரும்பி வந்தபோது பேஸ்மென்டில் லைட் எரிந்தது.” மின்சாரக் கட்டணத்தை நினைத்து எழுதியிருக்க வேண்டும். வேறு எதற்கு என்று எனக்கே ஞாபகமில்லை.

பெட்டி 2014க்கு உரியதென்றால் அது மிச்சம். ஒரு பழைய நவம்பரில் சுடாமல் விட்டது. 2025க்கு உரியதென்றால், வேட்டைக்கு வராமல் விட்டு இத்தனை வருடங்களுக்குப் பிறகு அவன் தனியாக இறங்கி வந்து, வேறெந்தத் துப்பாக்கியிலும் போட முடியாத இருபது ரவைகளைச் செய்து, எனக்குச் சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வரும் எண்ணம் இல்லாதவன் அதைச் செய்யமாட்டான்.

போன் எடுத்தேன். சஸ்கச்சுவனில் எங்கோ ஓடிக்கொண்டிருந்தான்.

“அத்தான், சொல்லுங்கோ. அக்கா சுகமோ?”

“ஓம். ஒரு பெட்டி ரவை கிடக்கு. உன்ரை எழுத்து. ஒக்டோபர் பத்தொன்பது எண்டு கிடக்கு, வருசம் இல்லை.”

“வருசம் இருந்தால் அது என்ரை எழுத்தில்லையே.”

“எப்ப செய்தனீ?”

“அத்தான், நேற்று எந்த ஊரிலை படுத்தனான் எண்டே ஞாபகமில்லை.”

“போன வருசம் கலியாணத்துக்கு வந்த நேரமோ?”

ட்ரக்கின் இரைச்சல் மட்டும் கேட்டது. மருந்து மூடி திறந்திருக்கும் நேரங்களில் அவன் இருப்பது போல இருந்தான்.

“இருக்கலாம் அத்தான். கீழை போனனான் தான். பிரெஸ்ஸைப் பிடிச்சுப் பாத்தனான். செய்தனானோ தெரியாது. ஏன், துப்பாக்கியை விக்கப் போறியளோ?”

“வீடு சின்னன். ஒரு அலுமாரிதான்.”

“ஓம், அக்கா சொன்னவ.”

“நவம்பருக்கு வாறியோ?”

“பாப்பம் அத்தான்.”

அதுவரை அவன் ஒருபோதும் ‘பாப்பம்’ என்று சொன்னதில்லை. வராத வருடங்களில்கூட ‘வாறன்’ என்றுதான் சொன்னான். இது நல்லதா கெட்டதா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் புதிய வீட்டுக்குப் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அவன் வரமாட்டான். வித்துப்போடுங்கோ” என்றாள்.

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“வாறன் எண்டு சொன்ன நேரமெல்லாம் வராதவன். இப்ப அதையும் சொல்லேல்லை.” ஒரு சட்டியை இரண்டாவது தடவையும் சுற்றினாள். அது மான் இறைச்சி பிரட்டுகிற பெரிய சட்டி. அபார்ட்மென்ட் அடுப்பில் வைத்தால் மற்ற அடுப்புகளை மறைக்கும். “உதை எறிவம் எண்டுதான் எடுத்தனான்” என்று சொல்லிக்கொண்டே பெட்டிக்குள் வைத்தாள்.

வருடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டேப்பைப் பார்த்துப் பயனில்லை, இன்றும் அதே வகைதான் பாவிக்கிறேன். பிரைமரைப் பார்த்தும் பிரிக்க முடியாது, இரண்டு காலத்திலும் அதே வெள்ளி நிறம். ஆனால் மருந்து மாறியிருக்கிறது. தட்டுப்பாட்டுக்கு முன் நாங்கள் பாவித்தது சிறு குச்சிகள் போல இருக்கும். பிறகு அது கிடைக்காமல் நான் சேர்த்து வைத்தது கடுகு போல உருண்டையானது. ரவையைக் கழற்றுவதற்கென்றே ஒரு சுத்தியல் உண்டு. அதன் தலைக்குள் ரவையை வைத்து நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் சன்னமும் மருந்தும் தனியே வந்துவிடும். குச்சியென்றால் 2014, கடுகென்றால் 2025. என் விதிப்படியும் அந்தப் பெட்டியைக் கழற்றத்தான் வேண்டும். ஒரு ரவையை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். உள்ளே மெல்லிய அசைவு இருந்தது. எந்த மருந்தானாலும் அது அப்படித்தான் கேட்கும்.

பீற்றர்பரோக்காரரை அழைத்து, நவம்பர் முடியட்டும் என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. பரவாயில்லை, தன்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது என்றார். அதற்குப் பதிலாக ஷொட்கனை விற்றேன். வாத்து எனக்கு எப்படியும் பெரிதாகப் பிடிக்காது. இப்போது அலுமாரியில் இரண்டு நிற்கின்றன. எளிமைப்படுத்துவதாகத் தொடங்கிய வேலை இரண்டு வகைக் கோதும், இரண்டு வகைச் சன்னமும், இரண்டு அச்சும் என்று முடிந்திருக்கிறது. பிரைமர் மட்டும் இரண்டுக்கும் பொது. சாமான் பெட்டியில் முக்கால்வாசி அதுதான்.

இதை ஆகஸ்டில், புதிய வீட்டில் இருந்து எழுதுகிறேன். நீலப்பெட்டியை ரவைகளுக்கான பூட்டுப்பெட்டியில், தனியாக, “சுடக்கூடாது” என்று சிவப்பில் எழுதி வைத்திருக்கிறேன். சுத்தியலும் பக்கத்தில்தான். சென்ற கிழமை மனைவி கேட்டாள்: “கழட்டிப் பாத்தனீங்களோ?”

“இல்லை.”

“கிடக்கட்டும்” என்றாள். பிறகு, மச்சானின் லைசென்ஸ் இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்க்க முடியுமா என்று, தனக்கு அக்கறையில்லாதது போலக் கேட்டாள். துப்பாக்கியை அவன் பெயருக்கு மாற்றினால் தெரியவரும் என்றேன்.

ஆகவே பதிவுக்காக: அந்த இருபது ரவைகள் ஒக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை, மில்லிக்கன் வீட்டுப் பேஸ்மென்டில், மச்சானின் கையால் செய்யப்பட்டவை. எந்த ஆண்டில் என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.